உப்பு: தேவையான அளவு

தமிழில் அச்சான சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் பொருள் பட்டியலின் கடைசியில் அந்த வரி இருக்கும்: "உப்பு – தேவையான அளவு." பருப்புக்குக் கிராம் சொல்வார்கள், மிளகாய்க்கு எண்ணிக்கை சொல்வார்கள், பெருங்காயத்துக்குக்கூட ஒரு சிட்டிகை உண்டு. உப்புக்கு மட்டும் கணக்குக் கிடையாது. நாமும் கோபித்துக்கொள்வதில்லை. குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

இதே குறிப்பை நாக்கில்லாத ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதி. நான் கற்பனையில் கட்டிய விடுதிதான். அந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. 120 பேர் தங்கியிருக்கிறார்கள். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பாதி; ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் மீதி. மெஸ் பொறுப்பாளர் கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்கிறார்: "நாளைக்கு நைட்டு சாப்பாட்டுக்கு மெனு போட்டு, கடைக்கு மளிகையும் சொல்லீருங்க. சோறு 70 பேரு, சப்பாத்தி 50 பேரு." அரை நிமிடத்தில் மெனு வந்துவிடுகிறது. குறை சொல்ல முடியாத மெனு. மறுநாள் காலையில் கடை வண்டியிலிருந்து 28 கிலோ அரிசி இறங்குகிறது. வேண்டியதோ பத்தரைக் கிலோ.

வெண்பாவுக்குத் தளை பிரித்துக் காட்டுகிற இயந்திரம் அரிசிக் கணக்கில் எப்படிச் சறுக்கியது? "ஏஐக்கு இன்னும் அவ்வளவு அறிவு வரவில்லை" என்று முடித்துக்கொள்வது எளிது. ஆனால் இங்கே பெருக்கல் தப்பவில்லை. பிழை, யாரோ ஒருவர் சோம்பலோடு எழுதிய ஒற்றை வரியில் இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் போவோம்.

வாய் உண்டு, கை இல்லை

இந்தச் செயலிகளுக்குள் இருப்பது மொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, கொடுத்த எழுத்துக்கு அடுத்து என்ன எழுத்து வரவேண்டும் என்று கணிக்கும் நிரல். அதனால் எழுத மட்டுமே முடியும். கடைக்குப் போன் செய்யவோ, இருப்பு எவ்வளவு என்று ஸ்டோர் ரூமை எட்டிப் பார்க்கவோ முடியாது. அதற்கு வேறு மென்பொருள்கள் வேண்டும். அவற்றைக் கருவிகள் என்போம். மொழி மாதிரி, கருவிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு வேலையை முடித்துத் தரும்போது அதற்கு முகவர் என்று பெயர். திருப்பூரில் ஏஜெண்ட் என்றால் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பவர். இதுவும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

கூப்பிடும் விதம் ஓட்டலில் சப்ளையர் சீட்டெழுதி ஜன்னல் வழியே நீட்டுவதைப் போன்றது. மொழி மாதிரி ஒரு சீட்டு எழுதும்: கருவியின் பெயர் இது, நபர்கள் 70, அளவு 400. வெளியே காத்திருக்கும் சாதாரண நிரல் ஒன்று அந்தச் சீட்டை எடுத்துக் கருவியிடம் கொடுத்து, வந்த விடையை எழுத்தாகவே திருப்பித் தரும். அதைப் படித்து அடுத்த சீட்டு. 2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்கு இந்த வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஒருமுறை எழுதிய கருவியை எந்த முகவரும் செருகிக்கொள்ளும்படி ஒரு பொது முறையை வெளியிட்டது. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி பிளக் பாயிண்ட் வைத்ததைப் போல.

முகவர் சமையலறைக்குள் ஒருநாளும் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதற்குத் தெரிந்த சமையலறை. அந்தப் பலகையைக் கருவிக் குறிப்பு என்று அழைக்கலாம். நம் 28 கிலோ அங்கேதான் பிறந்தது.

ஐந்நூறு காலன் வினிகர்

இயந்திரத்தை வைத்துச் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடும் ஆசை ஏஐ வந்த பிறகு முளைத்ததில்லை. 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரு மனிதர் உடல்நலம் கெடாமல் ஓராண்டு சாப்பிட, மிகக் குறைந்த செலவு எவ்வளவு? 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். காகிதத்திலேயே தட்டுத்தடுமாறி, 1939-ஆம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட் என்று சொன்னார். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் இத்தகைய கணக்குகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதைச் சோதிக்க ஸ்டிக்லரின் கணக்கையே எடுத்தார்கள். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்தார்கள். மொத்தம் 120 ஆள்நாள் பிடித்தது. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் உத்தேசத்துக்கும் இதற்கும் 24 சென்ட்தான் வித்தியாசம்! கோதுமை மாவு, முட்டைக்கோஸ், கீரை, காய்ந்த பயறு என்று போகும் அந்தப் பட்டியலை எந்த விடுதியில் வைத்தாலும் இரண்டாம் நாளே கலவரம் நடக்கும் என்பது வேறு விஷயம்.

நமக்கு வேண்டிய கதை அதற்குப் பின்னால் நடந்தது. 1950-களின் தொடக்கத்தில் டான்ட்சிக்கையே மருத்துவர் எடை குறைக்கச் சொன்னார். அவர் நேராகக் கணினியிடம் போனார். ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்கு மேல் கூடாது; ஆனால் வயிறு நிறைந்த உணர்வு வேண்டும். வயிறு நிறைவதை எப்படி அளப்பது? உணவின் எடையிலிருந்து அதிலுள்ள நீரின் எடையைக் கழித்து வருவதை அளவாக வைத்தார். கணினி என்ன சொல்கிறதோ அதை அப்படியே சமைத்துத் தருவதாக மனைவி ஆனியும் ஒப்புக்கொண்டார்.

முதல் விடையில் மற்ற பொருள்களோடு 500 காலன் வினிகர் இருந்தது. அவர் பயன்படுத்திய அட்டவணையில் வினிகரின் நீர்ப்பங்கு சுழி என்று பதிவாகியிருந்தது. நீரே இல்லாத, கலோரியும் இல்லாத, எடை மட்டும் உள்ள ஓர் அதிசய உணவு! கணினி அதைவிட்டு வேறெதை எடுக்கும்? வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். இந்த முறை நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள். டான்ட்சிக் விடாக்கண்டர், காலையில் சில கட்டிகளை வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார். கடல்நீர். துப்பிவிட்டு மருத்துவரைக் கேட்டார்: சத்துப் பட்டியலில் உப்புக்கு மேல்வரம்பு ஏன் போடவில்லை? பெரும்பாலானவர்களுக்கு அளவுக்கு மேல் உப்புத் தின்னக்கூடாது என்ற புத்தி இருக்கிறதே, அதனால் தேவைப்படவில்லை என்பது மருத்துவரின் பதில்.

நம் சமையல் புத்தகத்தின் கடைசி வரியும் அதே நம்பிக்கையில்தான் எழுதப்படுகிறது.

கோராவும் காம்பாக்டிங்கும்

நாக்கில்லாதவருக்கு எழுதும் கலை திருப்பூருக்குப் புதிதில்லை. ஒரு டி-ஷர்ட் ஆர்டரோடு வரும் ஸ்பெக் ஷீட்டைப் பாருங்கள். "மார்பு 50" என்று அதில் மொட்டையாக இருக்காது. துணியைத் தட்டையாக விரித்து, கைக்குழிக்கு இத்தனை செண்டிமீட்டர் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கூடவோ குறையவோ ஒரு செண்டிமீட்டர் போகலாம் என்று இருக்கும். பவர் டேபிளில் தைப்பவர் அந்த பையரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்தத் தாளை எழுதுகிறார்கள்.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. "180 ஜிஎஸ்எம் வேண்டும்" என்று மட்டும் நிட்டிங்காரரிடம் சொன்னால், விவரம் தெரிந்தவர் உடனே திருப்பிக் கேட்பார்: கோராவிலா, பினிஷிங் முடிந்தா? மெஷினிலிருந்து இறங்கிய கோராத் துணியும், சாயம் ஏறி காம்பாக்டிங் முடிந்து சுருங்கி வந்த துணியும் ஒரே எடை இருக்காது. முகவரின் சிக்கல் இதுதான்: அந்தக் கேள்வி பலகையில் எழுதியிருந்தால் ஒழிய அது பெரும்பாலும் கேட்காது. பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை இட்டுவிட்டு மேலே போய்விடும்.

ஒரு வரிக்கு 28 கிலோ

நம் விடுதிக் கருவியின் பலகையில் முதலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"உணவுத்திட்டம்: மெனுவும் மளிகைக் கணக்கும் தரும். கட்டங்கள்: நபர்கள், நாள், வகை, அளவு."

அளவு என்றால்? ஓர் உழைப்பாளி இரவில் எவ்வளவு சோறு சாப்பிடுவார் என்று முகவர் யோசித்தது. தட்டில் சுமார் 400 கிராம், நியாயமான மதிப்பீடு. எழுபதை 400-ஆல் பெருக்கினால் 28 கிலோ. மென்பொருளை எழுதியவரோ அந்தக் கட்டத்தில் சமைக்காத அரிசியை எதிர்பார்த்தார். 400 கிராம் சோற்றுக்கு 150 கிராம் அரிசி போதும். எழுபது பேருக்குப் பத்தரைக் கிலோ. இருவர் கணக்கும் சரி. கோராவும் பினிஷிங்கும் குழம்பிவிட்டன.

பெரிய அளவில் சமைப்பவர்கள் இதில் ஏமாறுவதில்லை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று தொடக்கத்தில் கிழமை வாரியாக மெனு வகுத்தார்கள். அதன் கணக்கு, குழந்தை ஒன்றுக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று சமைக்காத பொருளில் போகிறது. தட்டில் விழும்போது அது 150 முதல் 200 கிராம் வரை ஆகிவிடும். இரண்டு எண்ணும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதால்தான் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஒரே கணக்கு ஓடுகிறது.

ஆகவே அந்தக் கட்டத்தின் பெயரையே மாற்றுவோம். "அளவு" போகட்டும், "அரிசி_கிராம்" வரட்டும். அதன் கீழே: "ஒருவருக்கான சமைக்காத அரிசி, கிராமில். 50 முதல் 250 வரை மட்டும். வெந்த சோற்றின் எடையை இங்கே இடக்கூடாது." டான்ட்சிக்கின் மருத்துவர் எழுதாமல் விட்ட மேல்வரம்பு இதில் இருக்கிறது. 400 என்று வந்தால் கருவி மறுத்துவிடும்.

மறுப்பதிலும் பக்குவம் வேண்டும். "பிழை எண் 400" என்று மட்டும் திருப்பினால் முகவர் திகைத்து 300, 350 என்று குருட்டாம்போக்கில் முயலும். "400 மறுக்கப்பட்டது, இது சோற்றின் எடையாக இருக்கலாம், இங்கே சமைக்காத அரிசியின் எடை வேண்டும்" என்று சொன்னால் அடுத்த சீட்டிலேயே 150 வந்துவிடும். கருவிக் குறிப்பில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பகுதி பிழைச் செய்திதான் என்பது என் எண்ணம். பலகையைச் சரியாகப் படிக்காதவருக்கு அது இரண்டாவது பலகை.

சைவம் என்றால் என்ன?

"வகை" என்ற கட்டம் இன்னும் வில்லங்கமானது. சைவம், அசைவம் என்று இரண்டே தேர்வு வைத்தார்கள். நமக்குச் சைவத்தில் முட்டை இல்லை. நாட்டின் உணவுச் சட்டப்படி முட்டை கலந்த பண்டத்துக்கு அசைவக் குறிதான். ஆனால் மொழி மாதிரி பெருமளவு படித்தது ஆங்கிலப் பக்கங்களை. அங்கே சைவர் என்று சொல்லிக்கொள்பவர் ஆம்லெட் சாப்பிடலாம். குறிப்பில் "சைவம்: முட்டை கிடையாது, பால், தயிர் உண்டு" என்று ஆறு சொல் சேர்த்தால் முட்டைக் குழம்புச் சண்டை தவிரும்.

அசைவம் சாப்பிடுபவர் எல்லா நாளும் சாப்பிடுவார் என்பதும் பொய். புரட்டாசிச் சனி, அமாவாசை, கிருத்திகை நமக்குத் தெரியும். ஒடிசாக்காரர்களில் பலர் கார்த்திகை மாதம் முழுவதும் கவிச்சி தொடமாட்டார்கள். "கார்த்திகையில் அசைவம் வேண்டாம்" என்று குறிப்பில் எழுதிவிட்டால் போதுமா? போதாது. அவர்களுடைய கார்த்திகை பௌர்ணமியோடு முடிகிறது. நம் நாட்காட்டியில் அது பெரும்பாலும் ஐப்பசியில் விழும். அவர்கள் விரதம் இருக்கும்போது மீன் குழம்பும், முடித்த பிறகு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் கிடைக்கும். மாதப் பெயரே இல்லாமல், ஆண்டுதோறும் தொடங்கும் தேதி, முடியும் தேதி என்று இரண்டு கட்டம் வைப்பதுதான் சரி.

வடக்கத்திப் பசங்க என்றாலே சப்பாத்தி என்ற முடிவும் அப்படித்தான். ஒடியா இளைஞர்களுக்கு நம்மைப் போலவே சோறுதான் சாப்பாடு. பீகார்க்காரர்களிலும் மதியம் சோறு, இரவில் ரொட்டி என்று பழகியவர்கள் ஏராளம். ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்க மனிதர்களும் இயந்திரங்களும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். "சொந்த மாநிலத்தைக் கொண்டு உணவை ஊகிக்காதே, சோறு எத்தனை, ரொட்டி எத்தனை என்று கேள்" என்பது பலகையில் இருக்கவேண்டிய வரி.

நபர்கள் என்ற கட்டமும் தலைகளை எண்ணுவதா, தட்டுகளை எண்ணுவதா? ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் எட்டரை மணிக்குப் பிறகுதான் கூட்டம் மெஸ்ஸுக்கு வரும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் ஞாயிறு மதியம் பாதிப் பேர் வெளியே பிரியாணி தேடிப் போய்விடுவார்கள். நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் ஒரு மணிக்குச் சாப்பிடுவது எந்தத் தேதியின் சாப்பாடு? இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டே போகலாம். மெஸ் மாஸ்டருக்கு இவை எல்லாம் தெரியும். அவரை யாரும் எழுதித் தரச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தக்காளி இரண்டு முறை வந்தால்

மெனு போடுவது ஒரு வேலை. ஆர்டர் அனுப்புவது வேறு வேலை. முன்னதில் தவறினால் காகிதம்தான் வீண். பின்னதில் தவறினால் பணம் போகும், தக்காளி அழுகும். இரண்டையும் ஒரே கருவிக்குள் திணித்ததுதான் நம் விடுதியின் இரண்டாவது தவறு. பிரித்துவிட வேண்டும். திட்டம் போடும் கருவியின் பலகையில் "இது எதையும் வாங்காது, எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம்" என்றும், ஆர்டர் கருவியில் "இது பணம் செலவழிக்கும், பொறுப்பாளர் பட்டியலைப் பார்த்துச் சம்மதித்த பிறகே கூப்பிடு" என்றும் எழுத வேண்டும்.

அப்படியும் ஒரு விபத்து உண்டு. முகவர் ஆர்டரை அனுப்புகிறது; கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது; ஆனால் நெட்வொர்க் தடங்கலால் "கிடைத்தது" என்ற பதில் திரும்பவில்லை. முகவர் மறுபடி அனுப்பும். இருபது கிலோ தக்காளி நாற்பதாகும். இதற்கான மருந்தை ஒருமுறைக் காப்பு என்போம்: ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண், அதே எண் மறுபடி வந்தால் கருவி புதிய ஆர்டராக எடுக்காமல் பழைய ரசீதையே திருப்பித் தரும். ஜாப் ஒர்க் அனுப்பும் கம்பெனிகளில் டிசி (டெலிவரி சலான்) எண் செய்வதும் இதைத்தான். ஒரே டிசிக்கு இரண்டு முறை துணி வரவு வைக்க மாட்டார்கள்.

பலகை நீண்டால்

இத்தனையும் எழுதினால் குறிப்பு புத்தகமாகிவிடாதா? ஆகக்கூடாது. மொழி மாதிரிக்கு ஒரு நேரத்தில் கண்முன் வைத்துக்கொள்ள முடிகிற எழுத்துக்கு எல்லை உண்டு. பலகையும் பொறுப்பாளரின் பேச்சும் வந்த விடைகளும் அந்த ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றன. முகவர் வேலையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பலகை அங்கே ஏறும், அதற்குக் காசும் உண்டு. ஆகவே மென்பொருளின் வரலாறு, நிறுவனப் பெருமை, "வணக்கம், வருக" எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள இடங்களை மட்டும் விடக்கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லாமே எழுத்தாக வருவதால், கடைக்காரர் அனுப்பும் விலைப்பட்டியலின் நடுவே "இனி எல்லா ஆர்டரும் எங்களுக்கே" என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், அதையும் முதலாளியின் கட்டளையாக முகவர் எடுத்துக்கொள்ளக்கூடும். பலகையில் எச்சரித்து எழுதுவது ஓரளவுதான் தடுக்கும். ஆர்டருக்கு முன் மனிதரின் சம்மதம் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ருசி பார்ப்பது

குறிப்பு நன்றாக இருக்கிறதா என்று எழுதியவர் படித்துச் சொல்ல முடியாது. அவருக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே. பொறுப்பாளர்கள் உண்மையில் எப்படிக் கேட்பார்களோ அப்படி இருபது முப்பது வேண்டுகோள்களை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாருங்க", "முட்டை வேண்டாம்னுட்டாங்க, மாத்துங்க". கடைக்கு இணைப்புக் கொடுக்காமல் முகவரை ஓடவிட்டு, அது எழுதும் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறதோ அங்கே பலகையில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு அதே வேண்டுகோள்களை மறுபடி ஓட்ட வேண்டும். ஸ்பெக் ஷீட்டை நம்பி யாரும் நேராகப் பத்தாயிரம் பீஸ் வெட்டுவதில்லை; முதலில் சாம்பிள் போகும்.

டான்ட்சிக்கும் அப்படித்தான் போனார். சூப்புக் கட்டிக்கு வரம்பு போட்டார். கணினி தவிட்டைக் கொட்டியது. தவிட்டுக்கு வரம்பு போட்டார். கரும்புப் பாகுக் கசடு வந்தது. கடைசியில் ஆனிக்குப் பொறுமை போய்விட்டது. கணினி சொன்னதில் உருப்படியாகத் தெரிந்த சிலவற்றை எடுத்துக்கொண்டு, மீதியைத் தன் கைப்பக்குவத்தில் அவரே ஒரு பத்தியமாக வகுத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு டான்ட்சிக் 22 பவுண்டு, அதாவது 10 கிலோ இளைத்தார்.